மீன் தொட்டியில் அல்லி பூத்த கதை

முதல் மொட்டைக் கருக்கியது நான்தான்.

வெள்ளிக்கிழமை இரவு பார்த்தபோது அது தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. சனிக்கிழமை விடியற்காலை ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் கிளம்பிவிட்டோம். ஞாயிறு மாலை வந்து பார்த்தால், மொட்டு மேலே வந்து, தொட்டி மூடியில் பொருத்தியிருந்த எல்இடி பட்டையில் முட்டி, அதற்குமேல் போக வழியில்லாமல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. விளக்கில் பட்ட பக்கம் சுட்ட கத்தரிக்காய்த் தோல் மாதிரி சுருங்கிப் பழுப்பாகியிருந்தது. இரண்டு நாள் அப்படியே விட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. மூன்றாம் நாள் அழுகல் வாடை வந்ததும் கிள்ளிப் போட்டேன்.

பத்து மாதம் காத்து வந்த மொட்டு. மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் பூத்திருக்கும். மீன் தொட்டியில் அல்லி வளர்க்க நினைக்கும் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தொட்டிக்கு மூடி இருந்தால், அதை இப்போதே பரணில் போட்டுவிடுங்கள்.

எங்கள் வீடு வில்லிவாக்கத்தில், இரண்டாவது மாடி. பக்கத்திலேயே கொளத்தூர். சென்னையில் மீன் வளர்க்கிறவர்களுக்குக் கொளத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெருத்தெருவாக வண்ண மீன் கடைகள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பை கப்பி மீன் வாங்கப் போகிறவன் மூன்று பையோடு திரும்பி வருகிற இடம். அங்கேதான் ஒரு கடையில் 'டைகர் லோட்டஸ்' என்று ஒரு கிழங்கை வாங்கினேன். கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பாக, மேலே மயிர் மயிராக வேர் காய்ந்து கிடந்தது. சிவப்பு இலை வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வந்தது பச்சை இலை, அதில் அரக்கு நிறத்தில் புள்ளியும் தீற்றலும். கிழங்கைப் பார்த்து நிறம் சொல்ல விற்கிறவராலும் முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. சிவப்பேதான் வேண்டும் என்றால் இலை விட்ட செடியாகப் பார்த்து வாங்குங்கள்.

பெயரில் லோட்டஸ் என்று இருந்தாலும் அது தாமரை இல்லை, அல்லி. தாவரவியல் பெயரே நிம்ஃபேயா லோட்டஸ்தான். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது, அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. ஆப்பிரிக்காவின் செடி இது. நம் குளத்து வெள்ளை அல்லிக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் இரவில் மலர்கிறவை. தாமரை இலை தண்ணீரைவிட்டு எழுந்து நிற்கும், வட்டம் முழு வட்டமாக இருக்கும். அல்லி இலை தண்ணீரோடு ஒட்டி மிதக்கும், காம்பு சேரும் இடம்வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரைக்குக் கொளுத்துகிற வெயில் வேண்டும்; அதை வீட்டுக்குள் வளர்க்கப் பார்க்காதீர்கள். குளத்து அல்லியும் சரிப்படாது. ஒரு இலையே ஒரு முழம் அகலம் போகும், மூன்றாவது இலைக்கே தொட்டி மூடிவிடும்.

என் தொட்டி மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 190 லிட்டர். இதற்குக் குறைந்த தொட்டியில் இலை வளரும், பூவை நம்ப முடியாது என்பது என் அபிப்பிராயம். அகலம்தான் முக்கியம், உயரம் இல்லை. உயரமான ஒல்லித் தொட்டியில் மிதக்கிற இலைக்கு இடமே இருக்காது.

கிழங்கை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது என்பது மட்டும் எனக்கு முன்பே தெரியும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அதில் போட்டு, வெளிச்சமான ஜன்னல் ஓரம் வைத்தேன். நான்கைந்து நாள் மிதந்தது, பிறகு முழுகியது. பன்னிரண்டாம் நாள் ஒரு முனையில் ஊசி மாதிரி சிவந்த முளை. முளை வந்த பக்கம் மேலே இருக்கும்படி மணல்மேல் சும்மா உட்கார வைத்து, உருளாமல் இரண்டு கூழாங்கல்லை முட்டுக் கொடுத்தால் போதும். வேர் தானே இறங்கிக்கொள்ளும். விரலால் அழுத்தும்போது கொழகொழவென்று அமுங்கி, முகர்ந்தால் சாக்கடை வாடை வந்தால் அந்தக் கிழங்கு போய்விட்டது; காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, முளைத்த செடிக்குச் சொந்தமாக வேரும் நாலு இலையும் வந்தபிறகு அதைக் கிழங்கிலிருந்து பக்குவமாகக் கிள்ளிப் பிரித்து நடலாம். கிழங்கு மறுபடி முளைவிடும். என்னிடம் ஒரே கிழங்கில் மூன்று செடி வந்தது.

கடைக்காரத் தம்பி கிழங்கோடு ஓர் அறிவுரையும் கொடுத்திருந்தார். "சார், மேல மிதக்க வர்ற இலையை அப்பப்ப வெட்டிடுங்க. அப்பத்தான் கீழ புஷ்ஷா அழகா வரும்." தப்பே இல்லாத அறிவுரை. தண்ணீருக்குள் வளரும் அல்லி இலை மெல்லிசாக, அலை அலையாக, விளக்கு வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிகிற அழகு. அது மேலே போக விட்டால் தொட்டிக்குள் வெறும் காம்புகள்தான் கயிறு கயிறாகத் தெரியும். ஆகவே எட்டு மாதம் நீளக் காம்போடு எது எழும்பினாலும் கத்தரித்துக்கொண்டிருந்தேன். செடி நன்றாக இருந்தது. பூ மட்டும் இல்லை. விளக்கைக் குறை சொன்னேன், தண்ணீரைக் குறை சொன்னேன், கிழங்கு விற்ற கடையையும் மனதுக்குள் திட்டினேன்.

அப்போதுதான் அம்மா சிதம்பரம் பக்கத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தாள். சிறு வயதில் குளத்தில் அல்லிக்கொட்டை பறித்துத் தின்று வளர்ந்தவள். நான் கையில் நீளக் கத்தரியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னடா பண்றே?" என்றாள். சொன்னேன். "கொளத்துல வந்து எவன்டா எலையை வெட்டிக்கிட்டு இருந்தான்? எலையை வெட்டிக்கிட்டே இருந்தா அது எதை வெச்சுப் பூக்கும்?" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். தண்ணீருக்குள் இருக்கும் இலை செடியை உயிரோடு வைத்திருக்கும். பூவுக்குச் சேமிப்பு வேண்டும், அந்தச் சேமிப்பு மிதக்கும் இலையால் வருகிறது. அல்லி இலையின் மூச்சுத் துளைகள் மேல்பக்கம்தான் இருக்கின்றன. மேலே வந்துவிட்டால் அது கரியமில வாயுவை நேரே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் அந்த வாயு கிடைப்பது அரிது. அதனால்தான் செடித் தொட்டிக்காரர்கள் சிலிண்டரும் குழாயுமாகச் செலவு செய்கிறார்கள். அல்லியை மேலே விட்டால் சிலிண்டரே தேவையில்லை.

உலகத்திலேயே சின்ன அல்லியின் கதையும் இதேதான். ருவாண்டாவில் ஒரு வெந்நீர் ஊற்று ஓரத்தில் 1987இல் எபெர்ஹார்ட் ஃபிஷர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் கண்டுபிடித்த நிம்ஃபேயா தெர்மாரம். இலை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னதாகக்கூட இருக்கும். ஊற்றிலிருந்து வழிகிற தண்ணீரைத் திருப்பிவிட்டதில் அது அந்த இடத்தில் அழிந்துபோனது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலை நிபுணர் அதை விதையிலிருந்து வளர்க்கப் பார்த்தார். நாற்றுகள் தண்ணீருக்குள் தேறவே இல்லை. கடைசியில் சின்னத் தொட்டியில் சேறு போட்டு, சேற்றின் மட்டத்துக்குத்தான் தண்ணீர், 25 டிகிரி வெப்பம் என்று வைத்தபோது காற்று பட்டுச் செழித்து 2009இல் பூத்தது. 2014 ஜனவரியில் கியூவிலிருந்து அதில் ஒரு செடியை யாரோ திருடிக்கொண்டு போனது தனிக் கதை. கியூ நிபுணர் பல வழி முயன்று கண்டுபிடித்ததை அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

கத்தரியை உள்ளே வைத்தேன். முதல் வாரம் மூன்று இலை மேலே போனது. ஒன்றரை மாதத்தில் எட்டு இலை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தொட்டியின் மேல்பரப்பில் முக்கால்வாசி மூடிவிட்டது. கீழே இருட்டு. பின்பக்கம் வேலி மாதிரி வைத்திருந்த வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி வெளுத்துக் கரைந்தே போனது. இருட்டைத் தாங்குகிற கிரிப்டோகோரைன் என்ற இன்னொரு செடி மட்டும் தப்பித்தது. மீன்கள் எங்கே இருக்கின்றன என்று டார்ச் அடித்துத் தேட வேண்டிய நிலைமை. இலையின் அழகா, பூவா என்று நீங்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே தொட்டியில் கிடைக்காது. பாதி இலையை வெட்டிப் பாதியை விடுகிற நடுவழியையும் செய்து பார்த்தேன். புதரும் அழகாக இல்லை, மொட்டும் வரவில்லை.

மொட்டா, இலையா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது ஒரு சுகம். கிழங்கின் நடுவிலிருந்து இரண்டுமே ஒன்றுபோலத்தான் எழும்பும். இலை என்றால் இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டு, சுருட்டின வெற்றிலை மாதிரி தட்டையாக, நுனி கூராக இருக்கும். மொட்டு என்றால் உருண்டை திரண்டு, பச்சைப் பாக்குக்காயைக் காம்போடு பார்ப்பது போல. காம்பும் இலைக்காம்பைவிடக் கொஞ்சம் தடித்திருக்கும். பட்டாணி அளவில் தரையோடு இருக்கும்போதே தெரிந்துவிடும். பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று விரற்கடை ஏறும். கடைசி இரண்டு நாள்தான் வேகம். அந்த இரண்டு நாளில்தான் நான் திண்டிவனத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மொட்டு கருகின பிறகு மூடியைக் கழற்றிவிட்டு, அதே 18 வாட் விளக்கைச் சுவரில் ஆணி அடித்து ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் இரண்டு மொட்டு வந்தது. இரண்டும் சுண்டைக்காய் அளவுக்கு வந்து, தண்ணீருக்குள்ளேயே கறுத்து நின்றுவிட்டன. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. மூடியில் இருந்தபோது விளக்கு இலையிலிருந்து மூன்று விரல் தூரத்தில் இருந்தது. ஓர் அடி தூக்கியதும் அதே விளக்கு அதற்கு நிலா வெளிச்சம் ஆகிவிட்டது. விளக்கை உயர்த்தினால் வலுவையும் ஏற்ற வேண்டும்.

செடிகளுக்கென்றே விற்கிற விலை உயர்ந்த விளக்கெல்லாம் வாங்கவில்லை. கட்டடங்களுக்கு வெளியே மாட்டுகிற 50 வாட் எல்இடி ஃபிளட் லைட், 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம், எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கினேன். தண்ணீருக்கு ஒன்றேகால் அடி மேலே. டைமர் போட்டுக் காலை 9 முதல் இரவு 9 வரை 12 மணி நேரம். கணக்குப் போட்டால் நாளைக்கு 0.6 யூனிட், இரண்டு மாத பில்லில் 36 யூனிட். மனைவி கேட்டதற்கு இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டினேன். ஒரு எச்சரிக்கை: தண்ணீர் திறந்து கிடக்கும் இடத்துக்கு மேல் கரண்ட் தொங்குகிறது. சங்கிலியில் உறுதியாக மாட்டுங்கள், எர்த் இருக்கிற பிளக்காகப் பாருங்கள். ஒயரை நேரே பிளக்குக்கு இழுக்காமல் கீழே ஒரு தொங்கல் விட்டுக் கொண்டுபோனால், ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கையை உள்ளே விடும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. இதில்தான் எனக்குப் பெரிய அடி விழுந்தது.

அல்லி பெருந்தீனி தின்கிற செடி. தண்ணீரில் ஊற்றுகிற திரவ உரம் அதற்கு வாய் கொப்பளிக்கிற தண்ணீர் மாதிரி. அது வேரால்தான் சாப்பிடும். வெளியே தொட்டியில் அல்லி வளர்க்கிறவர்கள் களிமண்ணில் மக்கின சாணம் கலப்பார்கள், அவ்வப்போது டிஏபி என்ற ரசாயன உரத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வேருக்குப் பக்கத்தில் அழுத்திவிடுவார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்சரியில் வாங்கின மண்புழு உரத்தை இரண்டு கை அள்ளி, வேரைச் சுற்றி மணலுக்குள் திணித்தேன். திணிக்கும்போதே புகை மாதிரி கிளம்பியது. திங்கள் காலை தண்ணீர் டிகாக்ஷன் நிறம். கப்பிகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அமோனியா சோதனைக் குப்பியில் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. பாதித் தண்ணீர் மாற்றி, மறுநாளும் மாற்றி, அப்படியும் ஒன்பது மீன் செத்தது. மகள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

டிஏபியை நான் தொடவில்லை, நல்ல வேளை. அதுவே அமோனியம் உப்பு. மீன் இருக்கிற கண்ணாடித் தொட்டியில் அந்தப் பொட்டலம் பிரிந்தால் மண்புழு உரத்தைவிட மோசமாகியிருக்கும்.

பிறகு செய்ததுதான் இன்றுவரை நிற்கிறது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய தயிர்ச்சட்டி ஒன்று விளிம்பு உடைந்து கிடந்தது. அகலவாக்கான மண் சட்டி, ஐந்து அங்குல உயரம். அடியில் ஒரு கைப்பிடி மட்டும் நன்றாக மக்கின மண்புழு உரம். அதற்குமேல் மூன்று அங்குலம் பிசுபிசுப்பான களிமண், ஈரமாகப் பிசைந்து அழுத்தியது. அதற்குமேல் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் கழுவின ஆற்று மணல். இதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி இரண்டு வாரம் வெளியே வைத்து, நடுவில் நாலு முறை தண்ணீர் மாற்றி, அமோனியா காட்டாத பிறகே தொட்டிக்குள் இறக்கினேன். செடியைப் பழைய மணலிலிருந்து எடுக்கப் போனால் வேர் தொட்டி முழுக்க ஓடியிருந்தது. சட்டிக்கு அடங்குகிற மாதிரி வெட்டிவிட்டு நட்டேன். மூன்று வாரம் முறைத்துக்கொண்டு நின்றது, பழைய இலையெல்லாம் மஞ்சளித்தது. நாலாவது வாரம் நடுவிலிருந்து புது இலை வந்தபோது காம்பு பென்சில் தடிமன் இருந்தது. இப்போது மாதம் ஒரு முறை, மெதுவாகக் கரைகிற உரக் குருணையைக் களிமண் உருண்டைக்குள் பொதித்து, சட்டியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஆழமாகச் சொருகுகிறேன். அதோடு சரி. சட்டியில் இருப்பதில் இன்னொரு வசதி, செடியைத் தொட்டியில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

சட்டி இறக்கின பிறகு கிழங்குக்குமேல் பத்து அங்குலம் தண்ணீர்தான் இருக்கிறது. அதுவே தாராளம். தண்ணீர் எவ்வளவு உயரமோ காம்பும் அவ்வளவு நீளம், இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்த நீளத்துக்கும் செடிதானே செலவு செய்ய வேண்டும்? மூடி இல்லாததால் தண்ணீர் வேகமாக வற்றும். மே மாதத்தில் மூன்று நாளைக்கு ஓர் அங்குலம் குறைகிறது. ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் நிரப்பினால் எல்லா இலையும் முழுகி, மறுபடி காம்பை நீட்டி மேலே வர ஒரு நாள் ஆகும். ஆகவே தினம் ஒரு சொம்பு. எங்கள் அடுக்ககத்தில் போர்வெல் தண்ணீர், உப்பு அதிகம். அல்லி அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். அதனால் தினசரி சொம்புக்கு ஆர்ஓ தண்ணீர், வாரம் கால்பங்கு மாற்றுவதற்குப் போர்வெல் தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன். ஹீட்டர் சென்னைக்குத் தேவையே இல்லை.

ஃபில்டரையும் மாற்ற வேண்டியிருந்தது. அருவி மாதிரி கொட்டுகிற ஃபில்டர் வைத்திருந்தேன். அது தெறித்த இடத்தில் இருந்த இலையெல்லாம் நனைந்து நனைந்து ஓட்டை விழுந்து அழுகியது. அல்லிக்குச் சலனமில்லாத தண்ணீர்தான் பிடிக்கும். ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஒரு மூலையில், குமிழி மெல்ல வரும்படி வைத்தேன்.

ஒரு முறை இலைமேல் கறுப்பு எள் தூவினாற்போல அசுவினிப் பூச்சி வந்தது. பால்கனி அவரைக்கொடியிலிருந்து வந்ததோ என்னவோ. வேப்பெண்ணெயும் அடிக்காதீர்கள், வேறு மருந்தும் அடிக்காதீர்கள், கீழே மீன் இருக்கிறது. இலைகளை ஒரு வலைத் துணியால் தண்ணீருக்குள் அழுத்திச் சில மணி நேரம் பிடித்து வைத்தேன், மேலே ஒரு தட்டைப் பாரமாக வைத்து. மிதந்த பூச்சியை மீன்கள் தின்றுவிட்டன. இரண்டு தரம் செய்ததும் ஒழிந்தது.

மீன் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கோல்ட்ஃபிஷ் வேண்டாம், இளம் இலையைக் கீரை மாதிரி மென்றுவிடும், சட்டியையும் தோண்டும். கப்பி, மொல்லி பாதகமில்லை. எனக்குப் பிடித்தது குள்ள கௌராமி. ஆண் கௌராமி அல்லி இலைக்கு அடியில் நுரை ஊதிக் கூடு கட்டுகிறது. காற்றே அசையாத அந்த மூலையில், இலையின் அடிப்பக்க நரம்புகளுக்கு நடுவே, சோப்பு நுரை ஒட்டியது மாதிரி. மேலே இருந்து பார்த்தால் இலை லேசாகத் தூக்கிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு முகத்தை வைத்துக் கீழிருந்து பார்த்தால்தான் கூடு தெரியும்.

சரி, பூ. கிழங்கு வாங்கிப் பதினான்காவது மாதம் நாலாவது மொட்டு மேலே வந்தது. இந்தத் தடவை ஊருக்கு எங்கும் போகவில்லை. தண்ணீருக்கு மேலே நாலு விரல் எழுந்து, வெளியிதழ் வெடிப்பில் வெள்ளை கீற்றாகத் தெரிந்தது. அன்றிரவு பூக்கும் என்று நிச்சயம். பார்த்தே தீருவது என்று டைமரை மாற்றி விளக்கை எரியவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டரை. ஒரு அசைவும் இல்லை. வெறுத்துப்போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஐந்து மணிக்கு அம்மா எழுப்பினாள். "டேய், எழுந்து வா. சத்தம் போடாம வா."

ஹாலில் விளக்கு இல்லை. தெருவிளக்கின் வெளிச்சம் பால்கனிக் கதவு வழியாக வந்துகொண்டிருந்தது. தொட்டிக்கு மேலே வெள்ளையாக ஒரு பூ, என் உள்ளங்கையைவிடப் பெரிது, முழுக்க விரிந்து. அம்மா குள்ளம். ஸ்டாண்டின் மேல் தொட்டி, தொட்டியின் மேல் பூ என்று அவளுக்குப் பக்கவாட்டில்தான் தெரிந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து பார்த்தாள். மெல்லிய வாசமும் இருந்தது. பூவுக்குக் கிட்டே போனால்தான் தெரியும்.

இரவில் மலரும் செடிக்கு முன்னால் 50 வாட் விளக்கை எரியவிட்டு மலரச் சொல்லியிருக்கிறேன். விளக்கு இருக்கிறவரை அதற்கு அது பகல். மறுநாள் ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தபிறகு பார்த்தேன். காலையில் பத்து மணிக்கெல்லாம் மூடிக்கொண்ட பூ சிறிது நேரத்தில் மறுபடி நெகிழத் தொடங்கியது. இரண்டாம் இரவு மகரந்தம் மஞ்சள் பொடியாகப் பக்கத்து இலையில் கொட்டியிருந்தது. நாலு இரவு இப்படி. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவு மலர்கிற அல்லி ரொம்பவே தோது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் வேறு வகை பார்க்கலாம். டாபன் என்று ஒரு கலப்பின அல்லி, வெளிர்நீலப் பூ, பகலில் மலரும், குறைந்த வெயிலையும் பொறுத்துக்கொள்ளும். இலையும் காம்பும் சேர்கிற இடத்தில் குட்டிச் செடி முளைக்கும், அதைப் பிரித்து நட்டால் போதும். இலங்கையின் தேசிய மலரான நீல அல்லியின் சின்னக் கிழங்குகளும் மீன் கடைகளில் வேறு வேறு பெயரில் கிடைக்கின்றன. அதன் இலை அழகு. பூவுக்கு என் தொட்டி போதவில்லை.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு மொட்டு வருகிறது. மொட்டு ஏறும் வாரத்தில் விளக்குச் சங்கிலியில் இரண்டு கண்ணி உயர்த்திக்கொள்வேன். டிசம்பர், ஜனவரியில் செடி சோம்பேறியாகிவிடும், இலை சிறுக்கும். அப்போது உரம் போடுவதில்லை. வயதான இலை மஞ்சளாகத் தொடங்கியதும் காம்பின் அடியோடு கிள்ளி எடுத்துவிட வேண்டும். வெட்டக் கூடாது என்று நான் சொல்வது பச்சை இலையைத்தான்.

பூ முடிந்ததும் காம்பு தானே வளைந்து பூவைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் பிடிக்க அது செய்யும் வேலை. குளத்தில் அது சரி, தொட்டியில் அழுகித் தண்ணீர் கெடும். நாலாவது இரவு முடிந்த காலையிலேயே அடியில் வெட்டி எடுத்துவிடுவது நல்லது. முதல் பூவின் காம்பை அப்படி வெட்டிக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனபோது அம்மா வாங்கிக்கொண்டாள். காம்பை ஒரு விரற்கடை நீளத்துக்கு ஒடித்து, மறுபக்கத் தோலைப் பிரியவிடாமல் உரித்து, அடுத்த துண்டை எதிர்ப்பக்கம் ஒடித்து, இப்படி மாற்றி மாற்றி ஒரு நிமிஷத்தில் காம்பு இரட்டைச் சரமாகிவிட்டது. நுனியில் வாடின பூ பதக்கம் மாதிரி தொங்கியது. மகள் கழுத்தில் போட்டுவிட்டாள். தொட்டிக் காம்பு குட்டை, அதனால் பின்னால் நூல் வைத்துக் கட்ட வேண்டியிருந்தது.